அன்பிற்கும் மொழி வேண்டும்

"அன்பிற்கு மொழி வேண்டுவதில்லை" என்பது நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் வாசகம். வேற்று நாட்டு மருத்துவச்சாலைகளிற் சில வாரங்கள் தொண்டு புரிந்து திரும்பும் செவிலிய மாணவிகள் மேடையேறும்போதெல்லாம் இவ்வாசகம் தவறாது எழும். அவையோரும் மகிழ்ந்து கைகொட்டுவர். கேட்டற்கு இனிய இக்கூற்று மெய்யோ என்று ஆராயப் புகுந்தால், அது பாதி மெய்யும் பாதி மயக்கமுமாக இருத்தலைக் காண்கிறோம். மயக்கமாகிய அப்பாதி நோயாளியின் உடலையே தாக்குமாதலின், அதனை வாளா விட்டுவிடுதல் தகாது என்பது என் துணிபு. தமிழ் பயிலும் மாணவன் ஒருவனுக்கு மருத்துவச்சாலையில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். சொல்லையும் பொருளையும் பற்றிய வழக்கு எங்கே நிகழினும் அங்கே எம்மனோர்க்கும் ஒரு சிறு உரிமை உண்டு என்று விடை கூறி மேற்செல்கின்றேன்.

முதற்கண் நாம் நன்கறிந்த வரலாறு ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திண்டிவனத்தில் மிஷன் மருத்துவராக இருந்த ஜான் ஸ்கடர் என்பாரது வீட்டுக் கதவை ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து தட்டினர். மூவரும் வேறு வேறு சமூகத்தினர். மூவர்தம் மனைவியரும் மகப்பேற்று நோவினால் உயிருக்கு மன்றாடிக்கொண்டிருந்தனர். மருத்துவரின் மகளாராகிய ஐடாவை அவர்கள் அழைத்தனர். அவரோ அந்நாளில் மருத்துவம் கல்லாதவர். தந்தையார் வருவார் என்று அவர் கூறியபோது, அயலாடவர் ஒருவர் தம் மனைவியரைக் காணுதல் கூடாது என்று மூவரும் மறுத்துச் சென்றனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்டிரும் மாண்டிருந்தனர்.

இவ்வரலாற்றைச் சொல்லுவோர் பலர் அவ்வாடவரது பேதைமையைக் கடிந்துகொள்வதோடு நின்றுவிடுவர். யான் நோக்குவது வேறு. ஜான் ஸ்கடரிடம் அன்பு குறைந்ததோ? இல்லை. மருந்து இல்லையோ? இருந்தது. தலைமுறையாக இந்நாட்டில் ஊழியம் புரிந்த குடும்பத்தவராகிய அவர் தமிழும் அறிந்தவரே. அன்பும் மருந்தும் தமிழும் ஒருங்கே கையிலிருந்தும், அவ்வீடுகளின் வாயிற்படியை அவராற் கடக்க இயலவில்லை. ஆகவே யான் ஈண்டு மொழி என்று கூறுவது நாவினாற் பேசுவதை மட்டுமன்று. யார் யாரைத் தொடலாம், யார் முன்னிலையில் எதனைப் பேசலாம், யார் சொல் வீட்டில் ஏறும் என்னும் இவையனைத்தும் அடங்கியதொரு பேரிலக்கணத்தையே அச்சொல்லாற் குறிக்கின்றேன். ஐடா ஸ்கடர் அவ்விலக்கணத்தை அறிந்துகொண்டார். 1899-இல் அமெரிக்காவிற் கார்னெல் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, 1900-இல் இந்நாட்டிற்குத் திரும்பி, வேலூரில் 1909-இல் செவிலியர் பள்ளியையும் 1918-இற் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். வழக்கத்தை ஏசிக் காலம் போக்காது, அவ்வழக்கம் ஏற்றுக்கொள்ளும் கைகளை உண்டாக்கினார். அம்மருத்துவக் கல்லூரியில் ஆண் மாணவர் சேர்க்கப்பட்டது 1947-இலேயாம். அதற்குள் அவ்வூர் வாயிற்படிகளும் பெரும்பாலும் தாழ்ந்துவிட்டன.

நிற்க. வேற்று நாடு செல்லும் செவிலிய மாணவிக்கு ஆங்குள்ள பழக்க வேறுபாடுகளைப் பற்றி முன்னரே கற்பிக்கப்படுவன பெரும்பாலும் சிறு செய்திகளே. கானா நாட்டில் இடக்கையால் எதனையும் நீட்டுதல் அவமதிப்பாகும். மருந்தாயினும் வலக்கையாலேயே கொடுத்தல் வேண்டும். இதனை நம்மவர்க்கு ஒருவர் சொல்லித் தரவேண்டுவதில்லை. தாய்லாந்தில் தலையே உடலின் உயர்ந்த உறுப்பாக மதிக்கப்படுதலின், குழந்தையின் தலையையும் பிறர் தொடுதல் பொருந்தாது. நெற்றியிற் கைவைத்துக் காய்ச்சல் பார்க்குமுன் இசைவு கேட்டல் நன்று. சீனம், ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில் நான்கு என்னும் எண்ணின் ஒலி சாவைக் குறிக்கும் சொல்லின் ஒலியை ஒத்திருத்தலின், மருத்துவச்சாலைகள் பலவற்றில் நான்காம் எண்ணுள்ள அறையே இராது. ஜப்பானில் நோயாளியைக் காணச் செல்வோர் பறித்த மலரைக் கொண்டு செல்வரேயன்றி, தொட்டியில் வேரோடு நிற்கும் செடியைக் கொண்டு செல்லார். வேரூன்றுதலைக் குறிக்கும் சொல்லும் படுக்கையிற் கிடையாய்க் கிடத்தலைக் குறிக்கும் சொல்லும் அம்மொழியில் ஒரே ஒலி உடையனவாம். சிலேடைக்கு அஞ்சும் நாடு ஒன்று உளது என்று அறிந்தபோது, காளமேகம் பிறந்த நாட்டவனாகிய எனக்கு அதன்மேல் ஒரு தனி அன்பே உண்டாயிற்று.

இவையெல்லாம் ஒரு வாரத்திற் கற்றுக்கொள்ளத் தக்கவை. இவற்றிற் பிழை நேரினும், வந்தவள் அயலாள் என்று கண்டு நோயாளிகள் சிரித்துப் பொறுத்துக்கொள்வர். இவற்றின் அடியிலே வேறொன்று கிடக்கின்றது. நோயாளியைப் பேணுதல் என்பது யாது, அதனைச் செய்தற்குரியார் யாவர் என்பதே அது. இதுபற்றி நாடுகள் தம்முட் பெரிதும் மாறுபடுகின்றன. தன் நாட்டில் இதற்கு ஒரே விடையைக் கண்டு வளர்ந்த மாணவி, பிறிதொரு விடையும் உண்டு என்று கனவிலும் கருதாளாதலின், தான் காண்பதனை வேறுபாடு என்று உணராமற் குறைபாடு என்றே உணர்கின்றாள்.

1960-க்குப் பிற்பட்ட ஆண்டுகளிற் கேரளத்திலிருந்து இளம்பெண்கள் பலர் கத்தோலிக்கத் திருச்சபை நிறுவனங்களின் வாயிலாக மேற்கு ஜெர்மனிக்குச் செவிலியத் தொழில் கற்கவும் புரியவும் சென்றனர். பள்ளிப் படிப்பை முடித்த அளவில் மலையாளத்தையன்றி வேறு மொழி நன்கறியாது கப்பலேறியோரும் விமானமேறியோரும் அவருட் பலர். பனியும் ஜெர்மன் மொழியும் உருளைக்கிழங்கும் அவர்க்குப் புதியனவே. ஆயினும் அவற்றினும் புதியதாக இருந்தது மருத்துவச்சாலையின் காலைப்பொழுது. ஆங்கே நோயாளியைக் குளிப்பாட்டுதல், பல் துலக்குவித்தல், உணவூட்டுதல், மலசலம் அகற்றுதல் ஆகிய அனைத்தும் செவிலியின் தொழில். நம் பக்கத்து மருத்துவச்சாலைகளில் இவற்றைச் செய்வோர் யாவர்? நோயாளியின் தாய், மனைவி, மகள், மருமகள். அவரும் இல்லாவிடத்து ஆயா. ஊசி இடுதலும் மருந்து அளத்தலும் செவிலியின் தொழில். உடம்பைக் கழுவுதல் உறவினர் கடன் அல்லது கீழ்ப்பணியாளர் வேலை. இவ்வெண்ணத்தோடு வளர்ந்த பெண், முன்பின் அறியாத முதியவர் ஒருவரது உடம்பைக் கழுவுமாறு பணிக்கப்படுவாளாயின், அவள் நெஞ்சம் என்ன பாடுபடும்? படித்துப் பட்டம் பெற வந்த இடத்தில் ஆயா வேலையோ என்று அவள் துணுக்குறுதல் இயல்பேயன்றோ? அவ்வச்சத்தை அகந்தை என்று யான் கூறேன். அவள் பிறந்த ஊரின் இலக்கணம் அவளை அவ்வாறு கருதப் பயிற்றியது. ஜெர்மானிய முதியவர்க்கோ, கல்வி கற்ற செவிலியே தம் முதுகைத் துடைப்பது தம் மதிப்பைக் காக்கும் செயலாகத் தோன்றியது. ஒரே ஈரத்துணி, அதற்கு இரண்டு நாடுகளில் இரண்டு பொருள்.

அப்பெண்கள் அதனைக் கற்றுக்கொண்டனர். அம்மொழியையும் கற்றனர். 1970-களின் பிற்பகுதியில், செவிலியர் தேவை குறைந்தது என்று கருதிய ஜெர்மானிய மாகாணங்கள் சில அவரது உரிமச் சீட்டைப் புதுப்பிக்க மறுத்தபோது, பலர் ஊர் திரும்பினர். பலர் அந்நாட்டிலேயே குடியேறினர். கடமையைக் கற்றுக்கொள்ளும் வரையில் இனியராயிருந்து, கற்றபின் வேண்டாதவராயினமை அவ்வரலாற்றின் கசப்பான பகுதி. அதனைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதலாம்.

இனி இதனைத் தலைகீழாக நோக்குவோம். மேனாட்டு மாணவி ஒருத்தி நம் நாட்டு மருத்துவச்சாலை ஒன்றிற் காலெடுத்து வைக்கின்றாள். கட்டிலின்மேல் ஒருவர், கட்டிலின் கீழே பாய் விரித்து ஒருவர், தலைமாட்டில் அடுக்குத் தூக்கோடு ஒருவர், வாயிலிற் காவலரோடு வாதிட்டு நிற்போர் நால்வர். இஃது ஒழுங்கின்மை என்று அவள் எண்ணுகின்றாள். செவிலியர் நோயாளியைக் கழுவாமை கண்டு, இவர் கல்நெஞ்சர் என்றும் எழுதிவிடுகின்றாள். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டு மருத்துவச்சாலைகளிலும் இதுவே வழக்கம். ஆங்கு நோயாளியோடு வரும் உறவினர்க்குக் காப்பாளர் என்று பெயர். சமைத்தலும் துவைத்தலும் கழுவுதலும் ஊட்டுதலும் அவர் பொறுப்பு. அவர் தங்கி அடுப்பு மூட்டுதற்கென்று மருத்துவச்சாலை வளவிலேயே கொட்டகைகளும் உண்டு. ஒரு செவிலி மிகப் பல நோயாளிகளைப் பார்க்கவேண்டிய நாட்டில் அக்காப்பாளர் இல்லையேல் மருத்துவச்சாலையே நடவாது. அயல்நாட்டு மாணவி அன்பு மிகுதியால் அக்காப்பாளரை விலக்கிவிட்டுத் தானே ஊட்டத் தொடங்குவாளாயின், நோயாளி ஒருவேளை நன்றாக உண்ணலாம். அவர் மகளோ, தன் கடமை பறிக்கப்பட்டு, வாயிற்புறத்தில் வெறுங்கையோடு நிற்பாள். மூன்று வாரங் கழிந்து மாணவி விமானமேறிய பின்னர் ஊட்டவேண்டியவள் அம்மகளே.

ஆயினும் நம் முறையே சிறந்தது என்று யான் வாதிடவில்லை. உறவினர் இல்லாத கிழவர் நம் மருத்துவச்சாலைகளிற் படும்பாட்டைக் கண்டவர் எவரும் அவ்வாறு வாதிடார். பாய் விரித்துக் கிடக்கும் அம்மனைவியின் நாட்கூலி போவதையும் நாம் கணக்கிடுவதில்லை.

இனி நாவின் மொழிக்கு வருவோம். இதிலே எனக்குச் சிறிது உறுதி மிகுதி. பிறநாட்டு மாணவர்க்குத் தமிழ் கற்பிக்கும் சிறு ஏடுகளில் "வலிக்கிறதா?" என்னும் வினா தவறாது இருக்கும். அவ்வொரு வினாவைக் கொண்டு தமிழ் நோயாளியை அறிதல் இயலுமோ? நம் மக்கள் குத்து, குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு, இசிவு, நமைச்சல், அரிப்பு, விண்விண்ணென்று தெறித்தல், சுருக்கென்று தைத்தல் என வேறுவேறாகப் பிரித்தே தம் துன்பத்தைக் கூறுவர். கல்வியறிவில்லாத மூதாட்டியும் குடைச்சலைக் குத்து என்று மாற்றிச் சொல்லமாட்டாள். நெஞ்சு கரிக்கின்றது என்பவளுக்கு உணவு செரியாமை இருக்கலாம். நெஞ்சை அடைக்கின்றது என்பவளை அக்கணமே மருத்துவரிடம் கொண்டுபோதல் வேண்டும். ஒரே நெஞ்சு, வினைச்சொல் ஒன்றே வேறு. அவ்வினைச்சொல்லை அறியாத அன்பு அவள் கையைப் பற்றிக்கொண்டு புன்னகை புரியும். புன்னகை புரிந்துகொண்டிருக்கும்போதே காலம் கடந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் உளரே என்பார்க்கு ஒரு சொல்: நெஞ்சு வலி என்று சுருக்கி மொழிபெயர்ப்பவரும் உளர்.

பண்டைத் தமிழர் இதனை அறியாதவரல்லர். அகப்பாடல்களில், தலைவியின் மேனி வாடுதலைக் கண்டு தாயும் செவிலியும் அதனை முருகன் அணங்கியது என்று எண்ணி, வேலனை அழைத்து வெறியாட்டு எடுப்பர். அவர்க்கு அன்பு குறைவோ? தாயினும் அன்புடையார் யார்? நோயின் காரணத்தை அறிந்தவள் தோழி ஒருத்தியே. அவள் தலைவியோடு உடனிருந்து, அவள் சொல்லியதையும் சொல்லாததையும் கேட்டவள். வள்ளுவரும் மருத்துவத்தின் கூறுகள் நான்கினை எண்ணுமிடத்து, நோயுற்றவனையே முதற்கண் வைத்து, மருந்தை அளித்து உடனிருப்பவனையும் ஒரு கூறாக எண்ணினார். செவிலி என்னும் பழஞ்சொல்லை நம் காலத்தார் இத்தொழிலுக்கு எடுத்து வழங்கியபோது, வெறியாட்டின் நினைவும் அதனோடு வந்ததோ என்னவோ.

சொல் ஒன்றே, பொருள் வேறு என்னும் இடங்களும் உள. சூடு, குளிர்ச்சி என்று உணவைப் பகுத்தல் நம் பாட்டிமார்க்கு மட்டும் உரியதன்று. சீனத்தாரும் மெக்சிகோ முதலிய நாட்டாரும் அவ்வாறே பகுக்கின்றனர். பிள்ளை பெற்ற சீனத்தாய் ஒரு திங்கள்வரை குளிர்ந்த நீரை அருந்தாள். அமெரிக்க மருத்துவச்சாலையிலோ பிரசவித்தவளுக்குப் பனிக்கட்டி இட்ட நீர் கொடுத்தல் உபசாரம். குவளை தொடப்படாது திரும்பி வருதலைக் கண்ட செவிலி, இவள் நீர் அருந்த மறுக்கின்றாள் என்று குறித்துவைப்பாள். வெந்நீர் கொடுத்துப் பார்த்தால் வழக்கு அப்போதே தீர்ந்துவிடும். இவ்விடத்தில் நம் பாட்டிமார் அனைவரும் சீனத்தாயின் பக்கமே நிற்பர் என்பதில் ஐயமில்லை.

நோயின் பெயரை யாரிடம் சொல்வது என்பதும் இத்தகைய ஒரு வினா. மேனாட்டில் அது நோயாளியின் உரிமை. அவரிடமே முதலிற் சொல்லப்படும். நம் நாட்டிலோ மகனைத் தாழ்வாரத்திற்கு அழைத்துத் தாழ்ந்த குரலிற் சொல்லுகின்றனர். எது நேர்மை, எது இரக்கம் என்று யான் தீர்ப்புக் கூற அஞ்சுகின்றேன். மூன்று வாரத் தொண்டிற்கு வந்த மாணவி ஒருத்தி அஞ்சாமற் கூறுவதைக் கண்டால் அதனினும் மிகுதியாக அஞ்சுவேன்.

இனி, வேற்று நாட்டிற் செவிலியம் கற்கச் சென்றோருள் மிகப் புகழ்பெற்றவரை நோக்குவோம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1850-இல் இரண்டு வாரமும், 1851-இல் ஏறத்தாழ மூன்று திங்களும் ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரிலே தங்கினார். இன்று அது டுசல்டார்ப் நகரின் ஒரு பகுதி. போதகர் தியடோர் பிளீட்னர் 1836-இல் ஆங்கு நிறுவிய திருப்பணிச் சகோதரியர் இல்லத்தில் மருத்துவச்சாலையும் அநாதை இல்லமும் பள்ளியும் ஒருங்கே நடைபெற்றன. செல்வக் குடியிற் பிறந்த அம்மையார்க்கு அப்போது வயது முப்பத்தொன்று. காலை ஐந்து மணிக்கு எழுந்து, நாளுக்கு இருமுறை கம்பரிசிக் கஞ்சி போன்ற பானமும் இருமுறை காய்கறிச் சாறும் அருந்தி, குடியானவர் பெண்களோடு ஒருத்தியாய் வேலை செய்தார். அவர் அன்னையாரும் தமக்கையாரும் இச்செய்தி தம் நண்பர்க்குத் தெரிதலாகாது என்று வெட்கினர். பிற்காலத்தில் அவ்வில்லத்தைப் பற்றி அம்மையார் கூறியது வியத்தற்குரியது. ஆங்குச் செவிலியக் கலை என்று சொல்லத்தக்கது இல்லை என்றும், தூய்மை மிக மோசம் என்றும் ஒளியாது உரைத்தார். அவ்வில்லத்தைப்போல் உயர்ந்த உள்ளத்தையும் தூய பக்தியையும் வேறெங்கும் கண்டதில்லை என்றும் அவரே உரைத்தார்.

இவ்விரண்டு தீர்ப்பையும் ஒரே நாவாற் கூறும் ஆற்றலே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. தூய்மை இல்லை என்று கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பியிருப்பாராயின், அவர் அங்கிருந்து எதனையும் பெற்றிருக்கமாட்டார். பக்தியைக் கண்டு உருகி அழுக்கை மறந்திருப்பாராயின், பிற்காலத்தில் ஸ்குடாரியின் படைவீரர் மருத்துவச்சாலைக்கு அவராற் பயன் விளைந்திராது. அவர் அங்கே சென்றது தொண்டர் என்னும் பெயரோடன்று. கற்பவர் என்னும் நிலையிலேதான். ஜெர்மன் மொழியை முன்னரே கற்றிருந்தார் என்பதனையும் மறத்தல் ஆகாது.

இத்துறைக்கு ஒரு கல்விமுறை வகுத்தவர் மடலின் லைனிங்கர் என்னும் அமெரிக்கச் செவிலியார். 1950-களிற் சின்சினாட்டி நகரில் மனநலம் குன்றிய குழந்தைகளைப் பேணியபோது, வேறு வேறு மரபினராகிய குழந்தைகள் உண்ணுதல், உறங்குதல், விளையாடுதல் ஆகியவற்றில் வேறு வேறு பேணுதலை வேண்டுகின்றனர் என்பதையும், தாம் கற்ற நூல்கள் அதற்கு உதவாமையையும் கண்டார். மானிடவியல் பயிலத் தொடங்கி, 1960-களின் தொடக்கத்தில் நியூகினித் தீவின் கிழக்கு மலைநாட்டிற் காட்சுப் என்னும் மக்களிடையே இரண்டு ஆண்டளவு வாழ்ந்து கற்றார். செவிலி அயலார் வழக்கம் ஒன்றைக் காணுமிடத்து மூன்று வழிகள் உள என்று அவர் வகுத்தார். நலம் பயப்பதாயின் அதனைக் காத்தல். இடையூறில்லாததாயின் அதனோடு இணங்கிப்போதல். தீங்கு பயப்பதாயின் அம்மக்களோடு கூடி அதனை வேறுருவாக்குதல். மூன்றாவதில் ‘அம்மக்களோடு கூடி’ என்னும் சொற்களை மறந்தவர் என்ன ஆவர் என்பதற்கு அண்மைக்கால வரலாறு ஒன்று உண்டு.

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை எபோலா என்னும் கொள்ளைநோய் பரவி, 28,600 பேர்க்கு மேற்பட்டோரைப் பற்றி, 11,300 பேர்க்கு மேற்பட்டோரைக் கொன்றது. கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளும் பெரிதும் வருந்தின. அம்மக்கள் இறந்தோரைக் கழுவித் தொட்டு முத்தமிட்டு அடக்கம் செய்வது வழக்கம். அந்நோயாற் செத்த உடம்போ தொட்டாரைக் கொல்லும். ஈண்டு வழக்கமே கூற்றுவனாயிற்று. ‘எல்லா வழக்கமும் நல்லதே’ என்று கூறுவார்க்கு இதற்கு விடை இல்லை. ஆயினும் முதலில் நேர்ந்தது யாது? வெண்ணிற உடை போர்த்து முகம் மறைத்த அந்நியர் வந்து, உடல்களைப் பைகளில் இட்டுச் சென்றனர். உற்றார் தம் இறந்தோர் எங்கே போயினர் என்றும் அறியார். லைபீரியாவில் உடல்களை எரிக்குமாறு ஆணை பிறந்தது. மக்கள் நோயாளிகளை ஒளித்தனர். பிணங்களை இரவிற் புதைத்தனர். 2014 செப்டம்பரிற் கினி நாட்டு வோமே என்னும் ஊரில், நோயைப் பற்றி அறிவுறுத்தச் சென்ற குழுவினர் எண்மர் கொல்லப்பட்டனர். அவருள் மருத்துவப் பணியாளரும் இருந்தனர்.

அதன்பின்னரே, அவ்வாண்டு நவம்பரில், உலகச் சுகாதார நிறுவனம் கிறிஸ்தவ, இஸ்லாமிய அமைப்புகளைக் கலந்து, பாதுகாப்பும் மரியாதையும் உடைய அடக்கத்திற்கு முறை வகுத்தது. உறவினர் சற்று விலகி நின்று காணலாம், போதகரும் இமாமும் வேண்டுதல் செய்யலாம், நீராட்டுதற்கு ஈடாக இஸ்லாமிய நெறி முன்னரே ஒப்புக்கொண்ட நீரின்றித் தூய்மை செய்யும் முறை மேற்கொள்ளப்படும், வெண்துணி போர்த்தப்படும், கல்லறையிற் பெயர் குறிக்கப்படும். தொடுதல் ஒன்றே விலக்கப்பட்டது. எஞ்சியவை எல்லாம் திரும்பக் கொடுக்கப்பட்டன. நோய் அடங்கியதற்குக் காரணம் பல. அவற்றுள் இதுவும் ஒன்று. வழக்கத்தை மாற்றுதற்கும் அவ்வழக்கத்தின் மொழியை அறிதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வளவும் கூறியபின், நம் நாளில் விடுமுறைதோறும் நிகழும் குறுந்தொண்டுப் பயணங்களைப் பற்றி ஒரு சொல் கூறாதிருத்தல் கோழைத்தனமாகும். கட்டணம் செலுத்தி, இரண்டு மூன்று வாரத்திற்கு ஏழைநாட்டு மருத்துவச்சாலைக்குச் சென்று, தன் நாட்டில் தனக்கு உரிமை அளிக்கப்படாத செயல்களை ஆங்கே செய்துபார்க்கும் மாணவர் உளர். தையலிடுதல், பிரசவம் பார்த்தல் முதலியன அத்தகையன. "ஆங்கே செய்வார் இல்லை, ஆகவே செய்தோம்" என்பர். ஏழையின் உடம்பு பயிற்சிப் பலகை ஆகுமோ? 2010-இல் அறிஞர் குழு ஒன்று இவ்வகைப் பயிற்சிக்கு அறநெறிகள் வகுத்து வெளியிட்டது. அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம், மாணவர் ஆகிய மூவர்க்கும் கடமை உண்டு என்றும், தன் தகுதிக்கு மேற்பட்டதை மாணவர் செய்தல் ஆகாது என்றும் அது கூறுகின்றது. நெறி உளது, அதனைப் படித்துவிட்டு விமானமேறுவோர் தொகை சிறிது.

அங்ஙனமாயின் ஒருவரும் செல்லவேண்டாமோ என்று நண்பர் சிலர் என்னைச் சினந்து வினவினர். செல்லுக, கற்பவராய்ச் செல்லுக என்பதே என் விடை. சீகன்பால்கு ஐயர் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியபின், சிறுபிள்ளைகளோடு மணலில் அமர்ந்து அகரம் எழுதிப் பழகினார். அம்மணலைக் கடந்தே அவர் மேடைக்குச் சென்றார். நம் ஆண்டவரும் மூன்று ஆண்டு ஊழியத்திற்குமுன் ஏறத்தாழ முப்பது ஆண்டு நாசரேத்தூரில் ஒரு தச்சன் வீட்டுப் பேச்சையும் பழக்கத்தையும் தமதாக்கி வாழ்ந்தார். நல்ல சமாரியன் உவமையையே எடுத்துக்கொள்ளுங்கள்: நோயாளியைப் பேணிய அயல்நாட்டவர் வரலாறு அதுவன்றோ? அவன் புண்ணில் வார்த்தவை எண்ணெயும் திராட்சரசமும்; அடிபட்டவனும் அறிந்திருந்த மருந்துகள். இரவு கழிந்ததும், அவ்வூர்ச் சத்திரக்காரனிடம் அவனை ஒப்புவித்து, பணமும் கொடுத்து, தன் வழியே போனான். தானே இருந்து குணப்படுத்திப் புகழ் பெறவேண்டும் என்று அவன் எண்ணியதாக உவமையில் ஒரு சொல்லும் இல்லை. அச்சத்திரக்காரனைப் பற்றிப் பிரசங்கம் செய்வார் மட்டும் மிகச் சிலரே!

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் கல்லூரி மாணவர் தொண்டுச் சங்கத்தார் இனி வேற்று நாட்டிற்கு எவரையேனும் அனுப்புவாராயின், அல்லது அங்கிருந்து எவரையேனும் வரவேற்பாராயின், புறப்படுமுன் மூன்று திங்களேனும் அந்நாட்டு மொழியைக் கற்பிக்க ஏற்பாடு செய்க. சென்றவிடத்தில் அவ்வூர்ச் செவிலி ஒருவரை ஆசிரியராக அமைத்து, அவர் அனுமதித்ததை மட்டும் செய்ய விதிக்க. திரும்பியபின் நம் சபையிற் படிக்கப்படும் அறிக்கையைச் சென்று வந்தவர் எழுதவேண்டாம். அவ்வாசிரியரே எழுதி அனுப்புக. அது மலாவியின் மொழியாயினும் மலையாளமாயினும் ஆகுக. தமிழிற் பெயர்த்துப் படித்தற்கு ஆள் தேடிக்கொள்ளலாம். அவ்வறிக்கையில் ஓரிரு வரி நம்மவர்க்குக் கசப்பாயிருப்பினும், அதனை விடாது படிக்கவேண்டும் என்பது என் கருத்து.